கேள்வியின் அமைப்பு பதிலை எப்படி மாற்றுகிறது?

மொழி மனிதரின் எண்ணத்தையும் நடத்தையையும் உண்மையிலேயே மாற்றுகிறதா, மாற்றினால் அன்றாடத்தில் அதை எங்கே பார்க்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்றுகிறது. அளந்தும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் இந்தப் பேச்சு வந்தாலே பலரும் ‘இந்த மொழிக்காரர்கள் இப்படித்தான் யோசிப்பார்கள்’ என்கிற பெரிய கூற்றுகளுக்குப் போய்விடுகிறார்கள். அவற்றில் பல, நெருங்கிப் பார்த்தால் நிற்பதில்லை. எதிர்காலத்தை இலக்கணத்தில் தனியே காட்டாத மொழிகளைப் பேசுகிறவர்கள் அதிகம் சேமிக்கிறார்கள் என்று பொருளாதார அறிஞர் கீத் சென் 2013-இல் எழுதியது உலகமெங்கும் பரவியது. மொழிக் குடும்பங்களுக்குள் இருக்கும் உறவைக் கணக்கில் எடுத்து 2015-இல் மறுபடி அலசியபோது அந்தத் தொடர்பு வெகுவாக வலுவிழந்தது. அந்த மறு ஆய்வை எழுதியவர்களில் அவரும் ஒருவர். நேர்மையான வேலை அது.

நிற்கிற சான்று திசை பற்றியது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் பேசப்படும் கூகு யிமிதிர் மொழியில் இடது, வலது என்று பொருள்களின் இருப்பிடத்தைச் சொல்வதில்லை. வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்குதான். ஒரு மேசையில் சில பொருள்களை வரிசையாக வைத்துக் காட்டி, ஆளை அப்படியே பின்புறம் திருப்பி, இன்னொரு மேசையில் ‘அதே மாதிரி வையுங்கள்’ என்றால் அவர்கள் திசை மாறாமல் வைப்பார்கள். இடது-வலது பழக்கம் உள்ளவர்கள் தங்கள் உடம்பை வைத்து அடுக்குவார்கள். இதில் நமக்கும் பங்கு உண்டு. எரிக் பெடர்சன் என்ற மொழியியலாளர் தமிழ்நாட்டில் இதே சோதனையை நடத்தினார். ‘தெக்கால இருக்கு, வடக்கால நகர்த்து’ என்று பேசும் கிராமத்தார் பெரும்பாலும் திசைப்படியும், இடது-வலது என்று பேசும் நகரத்தார் பெரும்பாலும் உடம்பை வைத்தும் அடுக்கினார்கள். இரண்டு பேரும் பேசியது தமிழ்தான்.

எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. ஒரே மொழிக்குள், ஒரு சொல்லையோ விகுதியையோ நகர்த்தினாலே மனிதர் நினைவுகூர்வதும் முடிவெடுப்பதும் மாறுகின்றன. அதைத் தெளிவாகக் காண ஏற்ற இடம் கேள்வி. போலீஸ் விசாரணை, நீதிமன்றம், மருத்துவரின் அறை, வீடு வீடாக எடுக்கும் கணக்கெடுப்பு என்று எங்கெல்லாம் ஒருவர் கேட்க இன்னொருவர் சொல்கிறாரோ, அங்கெல்லாம் பதிலில் ஒரு பங்கு கேட்டவருடையது. கீழே எழுதியிருப்பது முழுக்க அதைப் பற்றியே.

முதலில் காரணம். கேள்வி என்பது தகவல் கேட்பது மட்டுமில்லை, தகவல் கொடுப்பதும்கூட. ‘கத்தி எந்தக் கையில இருந்துச்சு?’ என்று கேட்டால், கத்தி இருந்தது என்பதைச் சொல்லிவிட்டுத்தான் கையைக் கேட்கிறோம். கேட்கப்படுபவர், எதிரில் இருப்பவர் காரணம் இல்லாமல் ஒரு சொல்லைப் போட மாட்டார் என்று நம்பித்தான் பதிலைத் தேடுகிறார். அந்த நம்பிக்கை இல்லாமல் மனிதர் பேசிக்கொள்ளவே முடியாது. அதே நம்பிக்கை வழியாகத்தான் கேட்பவரின் ஊகம் பதிலுக்குள் போய்விடுகிறது.

இதை அளந்து காட்டியதில் பெயர்பெற்றது எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் 1974-இல் வெளியிட்ட ஆய்வு. கார் விபத்துக் காட்சிகளை 45 மாணவர்களுக்குக் காட்டி, கார்கள் எவ்வளவு வேகத்தில் வந்தன என்று கேட்டார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் வினைச்சொல் மட்டும் வேறு. ‘மோதி நொறுங்கியபோது’ என்ற பொருளில் கேட்கப்பட்டவர்கள் சொன்ன சராசரி மணிக்கு 40 மைலுக்குச் சற்று மேல். ‘தொட்டபோது’ என்ற பொருளில் கேட்கப்பட்டவர்கள் சொன்னது 32 மைலுக்குச் சற்றுக் குறைவு. பார்த்தது ஒரே படம். இரண்டாவது சோதனையில் 150 பேர். ஒரு வாரம் கழித்து ‘உடைந்த கண்ணாடி பார்த்தீர்களா?’ என்று கேட்டார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. ‘நொறுங்கிய’ என்று கேட்கப்பட்டிருந்த 50 பேரில் 16 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். ‘இடித்த’ என்று கேட்கப்பட்ட 50 பேரில் 7 பேர். வேகமே கேட்கப்படாத 50 பேரில் 6 பேர். பழைய நினைவு அழிந்து புதியது எழுதப்படுகிறதா, அல்லது நினைவில் இல்லாத இடத்தைக் கேள்வியை வைத்து நிரப்புகிறார்களா என்று உளவியலாளர்கள் 1980-களில் கடுமையாக வாதிட்டார்கள். விசாரணை நடத்துகிறவருக்கு அந்த வாதம் எப்படி முடிந்தாலும் ஒன்றுதான். சாட்சி சொல்லும் வார்த்தை மாறிவிட்டது.

தமிழில் இது எங்கே நடக்கிறது என்று பார்க்க ‘ஆ’ என்ற வினா எழுத்து ஒன்றே போதும். ‘முருகன் நேத்து கடையில வச்சு அடிச்சானா?’ என்றால் அடித்தானா இல்லையா என்பதே கேள்வி. ‘முருகன் நேத்து கடையில வச்சா அடிச்சான்?’ என்றால் அடித்தது முடிந்த விஷயம். கேள்வி இடத்தைப் பற்றியது மட்டும். ‘முருகனா அடிச்சான்?’ என்றால் யாரோ அடித்திருக்கிறார்கள். இரண்டாவது கேள்விக்கு சாட்சி ‘இல்லைங்க, வெளியில வச்சு’ என்று சாதாரணமாகத் திருத்துவார். திருத்திய அந்த நொடியில், அடித்தான் என்பது கேட்கப்படாமலேயே அவர் வாயிலிருந்து வந்ததாகிவிடும். எழுதுகிறவர் பதிலை மட்டும் எழுதினால் இந்தத் தடம் கிடைக்காது. எனவே முக்கியமான இடங்களில் கேள்வியையும் அப்படியே எழுத வேண்டும்.

அடுத்தது ‘ஆம்’ விகுதி. ‘அவன்தான் முதல்ல கை ஓங்கினானாம்’ என்று ஒருவர் சொன்னால், நான் பார்க்கவில்லை, பிறர் சொல்லக் கேட்டேன் என்பது அந்த ஒரு விகுதியில் அடங்கியிருக்கிறது. வாக்குமூலம் எழுத்துத் தமிழுக்கு மாறும்போது அது ‘அவர்தான் முதலில் கை ஓங்கினார்’ என்று ஆவது மிக எளிது. ‘ஓங்கினாராம்’ என்பது எழுத்தில் அரட்டையைப் போலத் தெரிவதால் எழுதுகிறவர் கை தானாகத் திருத்திவிடும். வாய்மொழிச் சாட்சியம் நேரடியானதாக இருக்க வேண்டும், கண்டது என்றால் கண்டவரே சொல்ல வேண்டும் என்பது நம் சட்டம். கேள்விப்பட்டவரைக் கண்டவராக மாற்றிவிட்ட அந்த வரி, பிறகு குறுக்கு விசாரணையில் உடையும். அவர் உண்மையாகவே கண்ட மற்ற விஷயங்களின் மீதும் சந்தேகம் விழும். ‘ஆம்’ விகுதி வந்த இடத்தில் ‘என்று இன்னார் சொல்லக் கேட்டேன்’ என விரித்து எழுதுவதுதான் சரி.

பதிலை உள்ளேயே வைத்துக் கேட்கும் கேள்வியைச் சட்டம் எப்போதோ அடையாளம் கண்டுவிட்டது. 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தில் இதற்கென்று இருந்த விதிகள், அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தில் 146-ஆம் பிரிவாக இருக்கின்றன. கேட்பவர் எந்தப் பதிலை விரும்புகிறாரோ எதிர்பார்க்கிறாரோ அதைக் குறிப்பாலுணர்த்தும் கேள்வியை, எதிர்த்தரப்பு ஆட்சேபித்தால், தன் தரப்புச் சாட்சியை விசாரிக்கும் முதல் விசாரணையில் நீதிமன்ற அனுமதியின்றிக் கேட்கக்கூடாது. குறுக்கு விசாரணையில் கேட்கலாம். அந்த வேறுபாட்டுக்கு நியாயம் உண்டு: தன் தரப்புச் சாட்சி, கேட்பவரின் வார்த்தையைப் பிடித்துக்கொண்டு போகத் தயாராக இருப்பார், எதிர்த்தரப்புச் சாட்சி அப்படிப் போக மாட்டார் என்பது சட்டத்தின் எதிர்பார்ப்பு. குழந்தைகள், பயந்தவர்கள், அதிகாரிக்கு முன்னால் ‘ஆமாங்கய்யா’ தவிர வேறு சொல்லிப் பழகாதவர்கள் விஷயத்தில் இந்த எதிர்பார்ப்பு பொய்க்கும். அவர்கள் யார் கேட்டாலும் இசைந்து போவார்கள்.

சாட்சியிடம் பேசும் சரியான வரிசையை ரொனால்ட் ஃபிஷரும் எட்வர்ட் கெய்சல்மனும் 1980-களில் அமெரிக்காவில் முறைப்படுத்தினார்கள். அதன் சாரம் எளிது. தொடக்கத்திலேயே ‘தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லுங்க, நான் தப்பாச் சொன்னா திருத்துங்க’ என்று சொல்லிவிட வேண்டும். பிறகு ‘என்ன நடந்துச்சுன்னு முதல்லேருந்து சொல்லுங்க’ என்று விட்டுவிட வேண்டும். இடையில் பேசக்கூடாது; அவர் நிறுத்தினால் ‘அப்புறம்?’ போதும். இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். சாட்சி மூச்சு வாங்கும் இடத்தில் ‘அப்ப அவன் கையில ஏதாவது இருந்துச்சா?’ என்று புகுந்துவிடுவார்கள். ஓட்டம் அறுந்த பிறகு சாட்சி தானாகச் சொல்வதை நிறுத்திவிட்டு அடுத்த கேள்விக்காகக் காத்திருக்கத் தொடங்குவார். முழுதும் சொல்லி முடித்த பிறகு அவர் பயன்படுத்திய அதே வார்த்தையைத் திருப்பிக் கேட்க வேண்டும்: அவர் ‘தள்ளினான்’ என்றால் ‘தள்ளினான்னு சொன்னீங்களே, அதை இன்னும் கொஞ்சம் சொல்லுங்க’ என்றுதான் கேட்க வேண்டும், ‘அடிச்சான்னு சொன்னீங்களே’ என்று மாற்றக்கூடாது. யார், எங்கே, எப்போது என்பவை அதற்குப் பின். ஆமா-இல்லை கேள்விகள் கடைசியில், தவிர்க்க முடியாத இடத்தில் மட்டும். இரண்டு சாட்சிகள் இருந்தால் தனித்தனியே. ஒருவர் வார்த்தை இன்னொருவர் நினைவுக்குள் போவதற்கு ஒரு டீ குடிக்கும் நேரம் போதும்.

மருத்துவரின் அறையில் இதே விஷயம் வேறு உருவத்தில் நடக்கிறது. நோயாளிகளில் பலர் ஒன்றுக்கு மேற்பட்ட தொல்லைகளோடு வருகிறார்கள். முதலில் சொல்வதே முக்கியமானது என்று இல்லை. ஜான் ஹெரிட்டேஜும் உடன் ஆய்வாளர்களும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், 20 குடும்ப மருத்துவர்களின் 224 நோயாளிகளை வைத்து ஒரு சொல்லை மட்டும் மாற்றிப் பார்த்தார்கள். ‘இன்று சொல்ல வேண்டியது வேறு ஏதோ இருக்கிறதுதானே’ என்ற சாய்வு உள்ள ஆங்கிலக் கேள்விக்குச் சுமார் 90 சதவீதம் பேர் இருக்கிறது என்றார்கள். ‘வேறு எதுவும் இருக்கிறதா’ என்று இல்லை பக்கம் சாய்ந்த கேள்விக்கு 53 சதவீதம் பேர்தான். முதல் வகைக் கேள்வியால் சொல்லப்படாமல் போகும் தொல்லைகள் பெருமளவு குறைந்தன; இரண்டாவது வகை, கேட்காமலே விடுவதைவிடக் குறிப்பிடத்தக்க பலன் தரவில்லை. மருத்துவர்கள் பயந்தது போல முதல் வகையால் நேரமும் நீளவில்லை.

நம் ஊர் மருத்துவமனைகளில் காதில் விழுவது ‘வேற ஒண்ணும் இல்லையே?’ என்பது. இதற்கு ‘இல்லைங்க’ என்பதைத் தவிர வேறு பதில் சொல்ல நோயாளிக்குத் துணிச்சல் வேண்டும். ‘ஏ’ விகுதி அந்தப் பதிலை எதிர்பார்த்துக் கேட்கிறது. ‘வேற ஏதாவது இருக்கா?’ நடுநிலைக்குப் பக்கம். ‘வேற என்ன பண்ணுது?’ என்பதுதான் கதவைத் திறப்பது. அதையும் மருந்துச்சீட்டு எழுதத் தொடங்குவதற்கு முன் கேட்க வேண்டும். பேனா சீட்டில் ஓடும்போது கேட்டால், எழுந்து போகலாம் என்று நோயாளி புரிந்துகொள்வார்.

மாத்திரை விஷயத்திலும் இதுவே. ‘மாத்திரை எல்லாம் ஒழுங்கா சாப்பிடுறீங்கல்ல?’ என்றால் ‘சாப்பிடுறேங்க’ என்றுதான் வரும். ‘எல்லாருக்கும் சில நாள் விட்டுப்போகும், போன வாரம் எத்தனை நாள் விட்டுப்போச்சு?’ என்று கேட்டால் ‘ரெண்டு நாள் விட்டுட்டேன்’ என்று வர வாய்ப்பு அதிகம். இந்த இரண்டாவது கேள்வியும் பதிலை உள்ளே வைத்துத்தான் கேட்கிறது. நீதிமன்றத்தில் இப்படிக் கேட்டால் ஆட்சேபணை எழும். ஆனால் வெட்கமும் பயமும் பதிலை ஒரு பக்கம் ஏற்கெனவே இழுத்துக்கொண்டிருக்கும்போது, மறுபக்கம் சற்றுச் சாய்த்துக் கேட்பது நியாயம் என்பது என் கருத்து. குடிப்பழக்கம், புகை, நாட்டு மருந்து எடுப்பது எல்லாம் இந்த வகை. குற்றம் சாட்டப்பட்டவரிடமோ சாட்சியிடமோ இதைச் செய்யவே கூடாது.

பிறகு எண்களைச் சொல்லும் விதம். 1982-இல் பார்பரா மெக்நீல், ஆமோஸ் ட்வெர்ஸ்கி உள்ளிட்டோர் நுரையீரல் புற்றுநோய் சிகிச்சை பற்றி ஓர் ஆய்வு செய்தார்கள். அறுவை சிகிச்சையில் 100 பேரில் 90 பேர் அப்போதைக்குப் பிழைக்கிறார்கள், ஓராண்டு முடிவில் 68 பேர், ஐந்தாண்டு முடிவில் 34 பேர் உயிரோடு இருக்கிறார்கள். கதிர்வீச்சில் சிகிச்சையின்போது 100 பேரும் பிழைக்கிறார்கள், ஓராண்டில் 77, ஐந்தாண்டில் 22. இதே எண்களை ஒரு குழுவுக்குப் பிழைத்தவர் கணக்காகவும், இன்னொரு குழுவுக்கு இறந்தவர் கணக்காகவும் கொடுத்தார்கள். பிழைத்தவர் கணக்கில் படித்தவர்களில் 18 சதவீதம் கதிர்வீச்சைத் தேர்ந்தார்கள். இறந்தவர் கணக்கில் 44 சதவீதம். மருத்துவர்களும் இந்தச் சாய்வுக்குத் தப்பவில்லை. ‘அறுவை சிகிச்சையில் 10 பேர் இறக்கிறார்கள்’ என்ற வரி, ‘90 பேர் பிழைக்கிறார்கள்’ என்ற வரியைவிடக் கூர்மையாகத் தைக்கிறது. நீண்டகால ஆதாயம் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது.

இதன் விலை என்ன என்பதற்கு 1995 அக்டோபரில் பிரிட்டனில் நடந்தது போதும். சில புதிய கருத்தடை மாத்திரைகள் இரத்தக் கட்டு ஏற்படும் ஆபத்தை இரட்டிப்பாக்குகின்றன என்று மருந்துப் பாதுகாப்புக் குழு எச்சரித்தது. செய்தி உண்மை. பழைய மாத்திரையில் ஏறத்தாழ 7,000 பெண்களில் ஒருவருக்கு, புதியதில் 7,000-இல் இரண்டு பேருக்கு. ‘இரட்டிப்பு’ என்ற சொல் மட்டும் வீடுகளுக்குள் போனது. பெண்கள் மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்புகள் ஏறத்தாழ 13,000 கூடின என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மாத்திரையைவிடக் கர்ப்பத்தில்தான் இரத்தக் கட்டு ஆபத்து அதிகம்.

ஆகவே ஒப்புதல் படிவம் எழுதுகிறவர், நோயாளியிடம் விளக்குகிறவர், மருத்துவச் செய்தி எழுதுகிறவர் மூவருக்கும் ஒரே நடைமுறை: இரண்டு பக்கத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், அடித்தளம் ஒரே எண்ணாக இருக்க வேண்டும், ‘மடங்கு’ தனியாக வரக்கூடாது. ‘உங்களைப் போல 100 பேருக்கு இந்த ஆபரேஷன் செஞ்சா 90 பேர் நல்லபடியா வீட்டுக்குப் போவாங்க, 10 பேர் பிழைக்க மாட்டாங்க’ என்று ஒரே வாக்கியத்தில். ஒரு சிகிச்சைக்கு 100 பேரையும் இன்னொன்றுக்கு 1,000 பேரையும் அடித்தளமாக வைத்தால் படித்தவர்களே தடுமாறுகிறார்கள்.

இனி கணக்கெடுப்பு. இங்கே ஒரு சொல் தவறினால் தவறு லட்சக்கணக்கில் பெருகும்.

‘நீங்க வேலைக்குப் போறீங்களா?’ என்று கிராமத்தில் ஒரு பெண்ணிடம் கேட்டால் ‘இல்லைங்க, வீட்ல சும்மாதான் இருக்கேன்’ என்பார். காலையில் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு, சொந்தக் காட்டில் களை எடுத்துவிட்டு, மத்தியானம் பீடி சுற்றிக்கொண்டு இருப்பவராகவும் அவர் இருக்கலாம். பொய் சொல்லவில்லை. ‘வேலைக்குப் போவது’ என்றால் வெளியே போய்ச் சம்பளம் வாங்குவது என்றுதான் அந்தச் சொல்லின் புழக்கம். இந்தக் குறையை உணர்ந்துதான் 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், சொந்த நிலத்திலோ குடும்பத் தொழிலிலோ ஊதியமின்றிச் செய்யும் வேலையும் சேர்த்தி என்று கேள்வியிலேயே எழுதினார்கள். தேசிய அளவிலான உழைப்பாளர் கணக்கெடுப்பில் கடந்த 7 நாட்களில் ஏதாவது ஒரு நாளில் ஒரு மணி நேரம் பொருளாதார வேலை செய்திருந்தாலும் அந்த வாரத்துக்கு அவர் வேலையில் இருந்தவர் என்பதே வரையறை. ஆனால் அந்த வரையறை கையேட்டில் இருந்து பயனில்லை. கேட்பவரின் வாயில் இருக்க வேண்டும். ‘வேலை’ என்ற சொல்லை விட்டுவிட்டு, செயல்களை ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும்: போன வாரம் மாடு கன்னு பார்த்தீங்களா, பால் ஊத்தினீங்களா, காட்டு வேலை பார்த்தீங்களா, பூ கட்டினீங்களா, பீடி சுத்தினீங்களா, கடையில உட்கார்ந்தீங்களா என்று. அந்த வட்டாரத்தில் உள்ள தொழில்களை வைத்துப் பட்டியல் மாற வேண்டும். நேரம் கூடுதலாகும்தான். அது தவிர்க்க முடியாத செலவு.

குடும்ப வன்முறை பற்றிக் கேட்பதிலும் இதே பாடம்தான். ‘கணவர் உங்களைக் கொடுமைப்படுத்துகிறாரா?’ என்றால் இல்லை என்பார்கள். கொடுமை என்பது பெரிய சொல், அதைச் சொன்னால் கணவரைக் குற்றவாளி என்று சொன்னதாகிவிடும். தேசிய குடும்ப நல ஆய்வு அதனால்தான் தள்ளினாரா, அறைந்தாரா, கையை முறுக்கினாரா, உதைத்தாரா என்று செயல்களைத் தனித்தனியே கேட்கிறது. ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டும், வேறு யாரும் காதில் வாங்க முடியாத தனிமை கிடைத்தால் மட்டும் கேட்க வேண்டும் என்பதும் விதி. மாமியார் உள்ளே வந்தால் பேச்சை மாற்றிவிட வேண்டும்.

கருத்துக் கேட்கும் கேள்விகளில் சறுக்கல் இன்னும் அதிகம். டொனால்ட் ரக் 1941-இல் வெளியிட்ட அமெரிக்கக் கணக்கு ஒன்று: ஜனநாயகத்துக்கு எதிரான பொதுப் பேச்சுகளை அனுமதிக்க வேண்டுமா என்று கேட்டபோது 62 சதவீதம் கூடாது என்றார்கள். தடை செய்ய வேண்டுமா என்று கேட்டபோது 46 சதவீதம்தான் ஆமாம் என்றார்கள். தர்க்கப்படி இரண்டும் ஒன்று. ஆனால் தடை விதிப்பது ஒரு செயல், அனுமதிக்காமல் இருப்பது சும்மா இருப்பது. முதலாவதற்குப் பலர் கை வைக்கத் தயங்குகிறார்கள். வரிசையும் இப்படித்தான் வேலை செய்யும். 1948-இல் கம்யூனிஸ்ட் நாட்டு நிருபர்களை அமெரிக்காவுக்குள் விட்டு அவர்கள் பார்த்தபடி எழுத விடலாமா என்று முதலில் கேட்டபோது 36 சதவீதம் சரி என்றார்கள். ரஷ்யா அமெரிக்க நிருபர்களை அப்படி விட வேண்டுமா என்று கேட்டுவிட்டு அடுத்ததாக அதைக் கேட்டபோது 73 சதவீதம். முதல் பதிலில் வெளிப்பட்ட நியாயத்தை இரண்டாவதில் கைவிட மனம் ஒப்பவில்லை.

பதில் கட்டங்களும் பேசுகின்றன. ஜெர்மனியில் நார்பர்ட் ஷ்வார்ஸும் சக ஆய்வாளர்களும் 1985-இல் வெளியிட்டது: தினம் எவ்வளவு நேரம் டிவி பார்க்கிறீர்கள் என்ற கேள்விக்கு, அரை மணி முதல் இரண்டரை மணிக்கு மேல் வரை கட்டங்கள் கொடுத்தபோது இரண்டரை மணிக்கு மேல் என்றவர்கள் 16.2 சதவீதம். இரண்டரை மணி வரை என்பதில் தொடங்கி நாலரை மணிக்கு மேல் வரை கட்டங்கள் கொடுத்தபோது அதே அளவைத் தாண்டியவர்கள் 37.5 சதவீதம். நடுக்கட்டம்தான் ஊரில் சராசரி போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, தன்னை அதன் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார்கள். இதற்குத் தீர்வு, கட்டமே கொடுக்காமல் மணியையும் நிமிடத்தையும் எண்ணாகவே கேட்பது.

எதிர்மறைக் கேள்விகளைத் தமிழில் அடியோடு தவிர்க்க வேண்டும். ‘குழந்தைக்குத் தடுப்பூசி போடலையா?’ என்ற கேள்விக்கு ‘இல்லைங்க’ என்றால் போடவில்லை என்றும் எடுக்கலாம், ‘இல்லைங்க, போட்டாச்சு’ என்பதன் முதல் பாதியாகவும் எடுக்கலாம். ‘ஆமாங்க’ என்றாலும் பெரும்பாலும் போடவில்லை என்றே பொருள். படிவத்தில் ஆம், இல்லை என்று இரண்டே கட்டங்கள் இருந்தால் எதில் குறிப்பது? ஆங்கிலத்திலும் இந்த விபத்து நடந்திருக்கிறது. 1992-இல் அமெரிக்காவில் ரோப்பர் நிறுவனம், நாஜிகள் யூதர்களை அழித்தது நடக்கவே இல்லை என்பது சாத்தியமா, சாத்தியமற்றதா என்று இரட்டை எதிர்மறையில் கேட்டது. 22 சதவீதம் சாத்தியம் என்றார்கள். நாடே அதிர்ந்தது. 1994-இல் கேள்வியைத் தெளிவாக்கிக் கேட்டபோது அது ஏறத்தாழ 1 சதவீதமாக இறங்கியது.

தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு, அதைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசுவதில்லை. வினாப்படிவம் எழுத்துத் தமிழில் அச்சாகிறது. ‘கடந்த இரண்டு வாரங்களில் தங்கள் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு ஏற்பட்டதா?’ என்பதை யாரும் வீட்டு வாசலில் நின்று அப்படியே வாசிப்பதில்லை. ஒருவர் ‘புள்ளைக்கு வயித்தால போச்சா?’ என்பார், இன்னொருவர் ‘பேதி ஆச்சா?’ என்பார், மூன்றாமவர் ‘புள்ள நல்லாத்தானே இருக்கு?’ என்று முடித்துவிடுவார். இருபது பேர் கணக்கெடுக்கப் போனால் இருபது விதமான படிவங்கள் போகின்றன. ஒரு நாளில் மூன்று முறையோ அதற்கு மேலோ தண்ணியாகப் போவது என்ற வரையறையை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். படிவத்தைப் பேச்சுத் தமிழிலேயே அச்சிட வேண்டும். வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும் சொல்லுக்கு அருகிலேயே மாற்றுச் சொல்லையும் கொடுத்து, இவற்றில் ஒன்றைத்தான் சொல்லலாம் என்று கட்டுப்படுத்த வேண்டும். பேச்சுத் தமிழில் அச்சிட்டால் மரியாதை குறைவு என்று அலுவலகங்களில் எதிர்ப்பு வரும். எதிர்ப்பைத் தாங்கிக்கொள்வது மேல்.

ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்து, அதை இன்னொருவரைக் கொண்டு திரும்ப ஆங்கிலமாக்கிச் சரிபார்க்கும் முறையை முழுதும் நம்பக்கூடாது. தமிழ் வரி கரடுமுரடாக இருந்தால்தான் திரும்பவும் அதே ஆங்கிலம் கச்சிதமாகக் கிடைக்கும். நல்ல தமிழ் வரி ஆங்கிலத்தில் வேறு மாதிரி திரும்பி வந்து ‘தவறு’ என்று குறிக்கப்படும். அதைவிட, இரண்டு மூன்று பேர் தனித்தனியே மொழிபெயர்த்து, ஒன்றாக உட்கார்ந்து வரி வரியாக முடிவு செய்வது பலன் தரும். அந்தக் கூட்டத்தில் களத்தில் கேட்கப்போகிறவர் ஒருவராவது இருக்க வேண்டும்.

அடுத்து, படிவத்தை எட்டுப் பத்துப் பேரிடம் சோதிக்க வேண்டும். இவர்கள் பதிலைச் சேகரிப்பது நோக்கமில்லை. ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் ‘நான் கேட்டதை உங்க வார்த்தையில சொல்லுங்க’, ‘வேலைன்னு சொன்னதும் எதை நினைச்சீங்க?’, ‘மூணு நாள்னு எப்படிக் கணக்குப் போட்டீங்க?’ என்று கேட்க வேண்டும். ‘புரிஞ்சுதா?’ என்று மட்டும் கேட்டுவிடக்கூடாது. அதற்கு எல்லோரும் தலையாட்டுவார்கள். படிக்காதவர், வயதானவர், வேறு வட்டாரத்தவர் இந்தப் பத்துப் பேருக்குள் இருக்க வேண்டும்.

இரண்டு வாசகங்களில் எது சரி என்று சண்டை தீராவிட்டால் இரண்டையும் அச்சிட்டுப் பாதிப் பேருக்கு ஒன்று, பாதிப் பேருக்கு மற்றொன்று என்று குலுக்கல் முறையில் கொடுத்துப் பார்க்கலாம். இங்கே நடக்கும் தவறு எண்ணிக்கையில். முப்பது முப்பது பேரிடம் கேட்டு ‘வித்தியாசம் இல்லை’ என்று முடிவு கட்டிவிடுவார்கள். பாதிக்குப் பாதி ஆமாம் சொல்லும் ஒரு கேள்வியில் 10 சதவீதப் புள்ளி வேறுபாட்டை நம்பிக்கையோடு பிடிக்க ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 390 பேர் வேண்டும். 5 புள்ளி வேறுபாட்டுக்கு ஒவ்வொரு பக்கமும் 1,570 பேர் அளவுக்குப் போகும். அவ்வளவு வசதியில்லை என்றால் பத்துப் பேரிடம் ஆழமாகப் பேசும் மேற்சொன்ன சோதனையே அதிகம் சொல்லும்.

காலத்தைக் கேட்பதும் ஒரு நுட்பம். ‘கடந்த ஆறு மாதத்தில்’ என்றால் எட்டு மாதத்துக்கு முந்தைய ஆஸ்பத்திரிச் செலவும் உள்ளே வந்துவிடும். பெரிய நிகழ்வு எல்லாம் சமீபத்தில் நடந்தது போலத் தோன்றும். சிறிய செலவுகள் மறந்து வெளியே போய்விடும். ‘பொங்கலுக்கு அப்புறம்’, ‘ஸ்கூல் திறந்ததுக்குப் பிறகு’, ‘போன அமாவாசையிலேருந்து’ என்று ஊரில் எல்லோருக்கும் தெரிந்த நாளோடு கட்டிக் கேட்டால் எல்லை உறுதியாகும். கோயில் கொடை தேதி ஊருக்கு ஊர் மாறும் என்பதால், களத்துக்குப் போவதற்கு முன்பே அந்த ஊருக்கான நாள் பட்டியலைத் தயார் செய்துகொள்ள வேண்டும். முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு அவர்கள் நாள்களையும் அதில் சேர்க்க வேண்டும்.

கடைசியாக, ‘தெரியலைங்க’ என்ற பதில். பயிற்சி இல்லாதவர்கள் இதைக் கேட்டதும் ‘சும்மா ஒரு குத்துமதிப்பாச் சொல்லுங்க’ என்று வற்புறுத்துவார்கள், அல்லது ‘ஒரு ஆயிரம் இருக்குமா?’ என்று தாங்களே எண் கொடுப்பார்கள். அந்த ஆயிரம் பிறகு எல்லாப் படிவங்களிலும் திரும்பத் திரும்ப வரும். தரவைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிடலாம்: ஒரே கணக்கெடுப்பாளரின் படிவங்களில் ஒரே எண் குவிந்திருக்கும். தெரியலை என்றால் ஒருமுறை கேள்வியை அதே வார்த்தைகளில் திரும்ப வாசிக்க வேண்டும், சற்றுக் காத்திருக்க வேண்டும், அப்போதும் தெரியலை என்றால் அதற்கென்று உள்ள கட்டத்தில் குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போக வேண்டும். அந்தக் கட்டத்தை அதிகம் நிரப்பியதற்காகக் கணக்கெடுப்பாளரின் கூலியைப் பிடிக்கக்கூடாது. பிடித்தால் அடுத்த வாரம் முதல் ஒருவருக்கும் எதுவும் தெரியாமல் இருக்காது.